கமால் பாய் விழ வைத்த படுதா

நாட்டரசன்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டு முற்றத்தை அளந்து கொண்டிருந்தபோது எனக்குச் செய்தி வந்தது. ஜெனரேட்டர் மாணிக்கம் காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பத்தரைக்குத்தான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"ஏன்டா, பந்தலை நாளைக்குப் போடவா, அடுத்த மாசம் போடவா?" என்று கத்தினேன்.

சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அவன் சொன்னான்: "கமால் பாய் மவுத்தாயிட்டாகண்ணே. காலையில தொழுதுட்டு வந்து நாக்காலியில உக்காந்தவுகதான்."

அளவு நாடாவைச் சுருட்டக்கூட இல்லை, அப்படியே பஸ் ஏறினேன். அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன், அந்த மட்டும் சரி. மூன்றாம் நாள் நம் தொழில்காரர்கள் கூடி இரங்கல் தீர்மானம் ஒன்று எழுதினார்கள். 'ஒலிபெருக்கி நிலைய உரிமையாளர் கமால் அவர்கள்' என்று அதில் இருந்தது. நான் எழுந்து, இதில் கையெழுத்துப் போட முடியாது என்றேன். "ஒலிபெருக்கி வச்சிருக்கவுக இந்த ஊருல பதினஞ்சு பேரு இருக்கீக. கமால் பாய் அதுல ஒருத்தரா?" என்று கேட்டேன். அப்படியானால் அவர் யார் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கிண்டலுக்குத்தான் சொன்னார்கள். நான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவன் நான். மீதியெல்லாம் நானே படித்துக்கொண்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், செய்தியில் பிழை இருக்காது.

எங்கள் முதல் சந்திப்பே சண்டைதான். அறுபதுகளில் கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். மேடைக்கு வலப்பக்கம் நாதசுரக்காரர்களுக்கு இடம் விடச் சொல்லியிருந்தார்கள். நான் வாசலில் நின்று மேடையைப் பார்த்து வலப்பக்கம் விட்டேன். அவர் மேடையில் நின்று வாசலைப் பார்த்து வலப்பக்கம் மைக் போட்டிருந்தார். நாதசுரம் ஒரு பக்கம், மைக் ஒரு பக்கம். அவர் வயரை மாற்றிப் போட அரை மணி நேரம் ஆயிற்று. நான் ஒரு கம்பைக்கூட அசைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு ஆளாக இருந்தால் வீட்டுக்காரரிடம் போய் என்மேல் புகார் சொல்லியிருப்பான். அவர் வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, வலதுன்னா யாருக்கு வலது? பாக்குறவுகளுக்கா, மேடையில நிக்கிறவுகளுக்கா? இன்னைக்கே பேசி முடிச்சுக்கிருவோம். இல்லாட்டி ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நாம ரெண்டு பேரும் அடிச்சுக்கிறணும்."

மேடையில் நிற்பவருக்கு வலது என்று முடிவாயிற்று. அது அவர் பக்கத்து வழக்கம்தான். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். நான் அப்படி ஒத்துக்கொண்ட விஷயங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அவருக்கு வார்த்தைமேல் அப்படி ஒரு பிடிவாதம். "வேலையில சொல்ற வார்த்தைக்குள்ள யாரு, எப்ப, எங்கனன்னு மூணும் இருக்கணும்ணே. மூணுல ஒண்ணு இல்லாட்டி அது வெறும் காத்து" என்பார். 'சாயங்காலம் வந்துருங்க' என்று யாராவது சொன்னால் விடமாட்டார். சாயங்காலம் என்றால் நாலரையா ஆறா, வந்து எங்கே நிற்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எதிராளியைப் படுத்திவிடுவார். மைக்கைச் சோதிக்கும்போது ஊதவோ தட்டவோ மாட்டார். "மணி ரெண்டே கால். மேடைக்கு ஜமக்காளம் வந்துருச்சு. நாக்காலி வரலை. பந்தல்காரரு டீக்கடையில இருக்காரு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். அதற்காக அவரை எத்தனை முறை திட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது.

பத்து வருடத்துக்கு முன்னால், கோவிலூர் போகிற சாலையில் ஒரு மைதானத்தில் பள்ளிக்கூட விழா ஒன்று மூன்று நாள் நடந்தது. கடைசி நாள் மெட்ராஸ் குழுவின் நாட்டிய நாடகம். அதுவரை நான் போட்டதெல்லாம் கல்யாணப் பந்தல், சடங்குப் பந்தல், கோயில் பந்தல். நாடக மேடை எனக்கு அதுதான் முதல் ஆர்டர். மதுரையிலிருந்து ஒரு பெரிய காண்டிராக்டர் அதற்குப் போட்டி போட்டார். விழாக்குழுத் தலைவர் ஒரு செட்டியார், நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பானவர். "ஒன்னைய நம்பித் தாரேன். ஒரு குறை வந்துச்சுன்னா, இனிமே இந்த ஊர்ப் பெரிய வேலை எதுக்கும் ஒன்னையக் கூப்பிட மாட்டேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவர் ஒரு வீட்டுக்குச் சொன்னால் நூறு வீட்டுக்குச் சொன்ன மாதிரி.

ஒரு வாரம் முன்பு குழுவின் மேனேஜர் வந்தார். கையில் டைப் அடித்த தாள். லோட் இன், கால் டைம், மாஸ்கிங், ஃப்ளை, ஸ்டாண்ட்பை, கியூ, ஸ்டிரைக் என்று மளமளவென்று படித்தார். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி "ஓகேவா?" என்று கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், மதுரைக்காரர் எப்போது என்று காத்திருக்கிறார். இந்த நிலையில் எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? எங்கள் தொழிலில் இது ஒரு பழக்கம். பெரிய வீடுகளில் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து விசாரித்துக்கொள்வோம். கமால் பாய் அன்று ஊரில் இல்லை. வெளியே விசாரிக்கவும் எனக்கு ரோஷம் இடம் தரவில்லை.

மேடை போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு மேடை. பதினாலு அடி உயரத்தில் வெள்ளைத் துணியால் மடிப்பு மடிப்பாக விதானம், நடுவில் தாமரை. கல்யாண மேடைக்கு விதானம் தாழ்ந்து இருந்தால்தான் விளக்கு வெளிச்சத்தில் ஜொலிக்கும். அதில்தான் பந்தல்காரனின் கைவேலை தெரியும்.

விழாவின் கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்கு மேனேஜர் மேடை ஏறி அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது.

"என்னய்யா இது? ஃப்ளை வேணும்னு சொன்னேன், நீ ஓகேன்ன. அரண்மனைப் படுதா மேல போகணும். அது போக மேல இன்னும் பதினாலு அடி வேணும். இங்க எங்கய்யா இருக்கு இடம்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாடகத்தின் நடுவில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அரண்மனை எழுதிய படுதா அப்படியே செங்குத்தாக மேலே ஏறி மறைய வேண்டும். அதற்குப் பின்னால் மலையும் நாயகியும் தெரிய வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் ஃப்ளை. நானோ மேலே அழகாக மூடி வைத்திருக்கிறேன். பிரித்துக் கட்ட இரண்டு நாளாகும். நாடகம் ஏழு மணிக்கு.

தலைவருக்கு ஆள் போயிற்று. அந்த விழாவுக்கும் மைக் கமால் பாய்தான்; தலைவரின் கார் வருவதற்குள் அவர் தம் ஆம்பிளிபயர் மேஜையை விட்டு எழுந்து வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே மேனேஜரிடம் போனார்.

"சார், கோவிக்காதீக. அந்தப் படுதா எதுக்கு மேல போகுது?"

"எதுக்குன்னா? மறையறதுக்கு!"

"மறையணும். அம்புட்டுத்தானே? மேல போனாத்தான் மறையுமா? கீழ விழுந்தா மறையாதா?"

மேனேஜர் மறுபடி அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எப்படி விழும்?"

பாய் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, பந்தல் பிரிக்கும்போது ஒரு முடிச்சுப் போடுவீகளே, ஒரு இழுப்புல அவுந்துருமே, அது படுதாவுல போட முடியுமா? பன்னெண்டு முடிச்சு. ஒரே கயிறு. ஒரே இழுப்பு."

 முடியுமாவா! அந்த முடிச்சு நானே கண்டுபிடித்தது. ஏணியில் ஏறிவிட்டேன்.

தலைவர் வந்து கீழே நின்றார். "என்னப்பா, யாரு பண்ணின தப்பு?" என்று கேட்டார். நான் ஏணியின் உச்சியில், இறங்காமல், முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தேன். பாய் சொன்னார்: "வார்த்தையை யாரும் விளக்கிச் சொல்லலைய்யா, நாங்களும் கேக்கலை. ஏழு மணிக்கு நாடகம் நடக்கும். நடக்காட்டி எங்க ரெண்டு பேரையும் சேத்து அனுப்பிருங்க."

இரண்டு பேரையும் சேர்த்து! அவருக்கு இதில் சம்பந்தமே கிடையாது.

முதல் ஒத்திகையில் மூன்று முடிச்சு அவிழவில்லை. படுதா ஒரு பக்கம் தொங்கி, ஈரத் துணி மாதிரி ஆடியது. தென்னை நார்க்கயிறு சொரசொரப்பில் பிடித்துக்கொள்கிறது. வழுக்குகிற நூல் கயிறு வேண்டும். மைதானத்தில் நூல் கயிறு இருந்த ஒரே இடம் என் விதானம். ஒரு கணம்தான் யோசித்தேன். தாமரையைச் சுற்றியிருந்த கயிற்றையெல்லாம் நானே உருவினேன். மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து தொங்கின. கீழே இருந்து பாய், "அண்ணே, தாமரை வாடிருச்சு" என்றார். "வாடட்டும்யா, படுதா விழட்டும்" என்றேன். இரண்டாவது ஒத்திகையில் விழுந்தது. மூன்றாவதில் விழுந்த துணியை இரண்டு பேர் பத்து எண்ணுவதற்குள் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் பாய் மேனேஜரை உட்கார வைத்து, அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டு எங்கள் எல்லோருக்கும் சத்தம் போட்டுச் சொன்னார். சாமான் உள்ளே வருவது லோட் இன். எல்லோரும் அவரவர் இடத்தில் நிற்க வேண்டிய நேரம் கால் டைம். பார்க்கக் கூடாததை மறைக்கிற துணி மாஸ்கிங். முடிந்ததும் பிரித்து அள்ளுவது ஸ்டிரைக். "ஸ்டாண்ட்பைன்னா தயாரா நிக்கிறது. கியூன்னா செய்யிறதுக்கு அடையாளம். அண்ணன் மேடைக்குப் பின்னாடி இருப்பாக, என் சத்தம் கேக்காது. அதனால ஒரு செவப்பு பல்பு. எரிஞ்சா மூச்சைப் புடிங்கண்ணே. அணைஞ்சா இழுங்க."

ஏழு மணிக்கு ஆரம்பித்தது. மைதானம் நிரம்பி, சாலையில் மாட்டுவண்டிகளின் மேலெல்லாம் ஆட்கள். நான் படுதாவுக்குப் பின்னால், பக்கவாட்டு மறைப்புத் துணிக்குள், கயிற்றை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். முன்னால் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது. சிவப்பு பல்பு எரிந்தது.

மூச்சைப் பிடித்தேன். பாடகி அந்த அடியை இன்னொரு முறை பாடினார். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. மறுபடியும் பாடினார். என் கை தானாக இழுக்கப் போகிறது, நான் அதைத் திட்டி நிறுத்துகிறேன். மிருதங்கம் வேகம் எடுக்கிறது. வியர்வை கண்ணில் இறங்குகிறது. பல்பு பட்டென்று அணைந்தது.

கரண்ட் போய்விட்டதா?  துணி ஓரமாக மேடை விளக்கு எரிவது தெரிந்தது. இழுத்தேன்.

பன்னிரண்டு முடிச்சும் ஒன்றாக அவிழ்ந்தன. ஒரு முழு அரண்மனை அலை மாதிரி மடிந்து தரையில் சரிந்தது. அதன் பின்னால் நீல வெளிச்சத்தில் மலையும், மலையடியில் அந்தப் பெண்ணும். மைதானம் முழுக்க ஒரே குரலாக 'ஆ' என்றது. பிறகு கைதட்டல். நான் ஆயிரம் பந்தல் போட்டிருக்கிறேன். பந்தலைப் பார்த்து ஒருவரும் கைதட்டியதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டில் குதித்தேன். ஐம்பது வயதில்.

முடிந்ததும் மேனேஜருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்களுக்கு ஒரு எலுமிச்சம்பழம்கூடக் கிடையாது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் தலைவர் மேடையில் நின்று, "படுதாவை விழ வைக்கிற யோசனை யாருது?" என்று கேட்டார். நான் மேடை ஓரத்தில் நின்றேன். கமால் பாய் தம் மேஜையில் இருந்தபடியே மைக்கை எடுத்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "பந்தல்காரரு யோசனைங்கய்யா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து எந்தப் பெரிய வேலைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நாடகக் குழுக்கள் மதுரைக்காரரை விட்டுவிட்டு என்னைத் தேடி வருகின்றன. ஒரு வருடம் கழித்து ஒருநாள் பாயிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. ஆம்பிளிபயரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆர்டர் போகப் பாத்தது ஒங்களுக்குத்தானே. எனக்கா போச்சு? என் யோசனைன்னு சொன்னா எனக்குக் கைதட்டுவாக. ஒங்க யோசனைன்னு சொன்னா ஒங்களுக்கு வேலை நிக்கும். எது தேவைன்னு பாத்தேன்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டியவன் நான். எடுக்கவில்லை.

தீர்மானத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். கமால் பாய் ஒரு விழாவை அதன் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை புரிந்துகொண்டு நடத்தியவர். மைக் அவர் கையில் இருந்த ஒரு சாமான், அவ்வளவுதான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. இப்போது யார் எந்தத் தாளைப் படித்தாலும், எவ்வளவு பெரிய மனிதர் பக்கத்தில் இருந்தாலும், "அப்படின்னா என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் கம்பை நடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இன்னொன்று. பத்து வருடமாக எனக்கு வந்த ஆர்டர்கள் எந்தப் பெயருக்காக வந்தனவோ அந்தப் பெயர் அவருடையது. படுதாவைக் கீழே விழ வைக்கிற யோசனை கமால் பாயுடையது. இதை அச்சில் போடுங்கள். அதனால் எனக்கு வேலை வராமல் போனாலும் பரவாயில்லை.

முடிச்சு மட்டும் என்னுடையது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கமால் பாய் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.