தையலுக்கு விட்ட தகரம்

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டிங்கருக்கு இன்றைக்கும் ஆறாத மனக்குறை அதுதான். தலை நரைத்துவிட்டது, குறை மட்டும் வயசாகாமல் அப்படியே இருக்கிறது. சொந்தத்தில் தகரம் தட்டிப் பிழைக்கிறவன் அவன் ஒருத்தன்தான். நசுங்கின வண்டி எதுவானாலும் அவன் பட்டறைக்குத்தான் வரும். அப்படி ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, அக்கா புருஷன் அவன் காதில் ஒரு வார்த்தை போடாமல் போய் ஒரு பழைய காரை வாங்கிவிட்டார்.

அக்கா புருஷன் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. தெருவில் அவருக்கு 'நாளைக்கு' என்று பட்டப்பெயர். எப்போது போய்க் கேட்டாலும் துணி நாளைக்குத்தான் தயார். கழுத்தில் டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவதால் அவர் பேச்சில் பாதி 'ம்'தான். அந்த 'ம்'முக்குள்ளேயே கோபம், கேலி, வந்தவரின் தொப்பையைப் பற்றிய அபிப்பிராயம் எல்லாம் அடங்கிவிடும்.

மூக்கு நீண்டு முதுகு கூனிய அந்தக் கார், மரக்கடைக்குப் பின்னால் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. பின் சீட்டில் மரக்கடைக்காரரின் கோழிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. பாதி விலை பணமாக, மீதி அவர் வீட்டுத் துணிகளைத் தைத்துக் கொடுத்துக் கழிப்பதாகப் பேச்சு. கட்டி இழுத்து வந்து வீட்டுப் பக்கத்துச் சந்தில் நிறுத்திய பிறகுதான் மச்சினனுக்கு ஆள் அனுப்பினார்.

டிங்கர் வந்து காரை ஒரு சுற்று சுற்றினான். கதவுக்குக் கீழே துருப்பிடித்த இடத்தில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினான். விரல் உள்ளே போய்விட்டது.

"என்னத்தைப் பாத்து மாமா இதை வாங்குனீங்க?"

"சீட்டைப் பாத்தேன் மாப்ள. கோழி கெளறியும் ஒரு தையல் விடலை. ரெட்டைத் தையல்! போட்டவன் வேலை தெரிஞ்சவன்."

"சீட்டா ஓடப்போகுது?"

"உள்வேலையை இவ்ளோ சுத்தமா செஞ்சவங்க வெளிவேலையில கோட்டை விட்டிருப்பாங்களா?"

டிங்கர் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டினான். சந்து மண்ணும், அதில் சாரை சாரையாகப் போன எறும்புகளும் தெரிந்தன. தையல்காரர் குனிந்து எறும்புகளைப் பார்த்தார்.

"காத்தோட்டம்னு வெச்சுக்கோயேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவ. உன் பேச்சை மீறி வாங்குனா உனக்குத்தான் மரியாதைக் குறைச்சல். கேக்காம வாங்குனதால உன் மரியாதை பத்திரமா இருக்கு. யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தான். எங்கேயோ இடித்தது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. இன்றுவரை பிடிபடவில்லை.

பகட்டுக்கு வாங்கின கார் இல்லை அது. அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஸ்கூட்டரின் பின்னால் உட்கார முடிவதில்லை, பஸ் படியிலும் ஏற முடிவதில்லை. கடைவீதியை ஒரு சுற்று சுற்றி நாலு பேரிடம் வாயடித்தால்தான் சாப்பாடு இறங்கும் என்கிற மனுஷி, ஜன்னலோரம் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சிநேகிதியோடு போனில் மட்டும்தான் பேச்சு. இவர்கள் கத்துகிற கத்தலுக்குப் போனே தேவையில்லை.

தையல்காரர் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"நாள் பூரா என் மூஞ்சியவே பாத்துட்டிருக்கா மாப்ள. கண்ணாடியில நானே அதை ரொம்ப நேரம் பாக்க மாட்டேன்."

அவர் ஊசியை எடுத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரிசு. டிங்கர் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

அக்காவோ ஜன்னலில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இவர் வாங்குறதெல்லாம் வீடு வந்து சேர்ற வரைக்கும்தான் வேலை செய்யும். எம்பிராய்டரி மெஷின் ஒண்ணு வாங்குனாரே, ஞாபகமிருக்கா? ஒரே ஒரு பூ போட்டுச்சு. அதுவும் வாடுன பூ."

"ஏறிப் பாருக்கா, அப்புறம் பேசு."

"ஏறுறேன். ஒரே ஒரு தடவை. கிளம்பல, நடுவுல நின்னுச்சு, தள்ளணும் கிள்ளணும்னீங்க, இறங்கிடுவேன். அப்புறம் தங்கத்துல செஞ்சு கொண்டாந்தாலும் என் கால் படாது."

சொன்னால் சொன்னதுதான். மீன் எடை குறைத்தான் என்று ஒரு கடையை ஒதுக்கினவள், கடைக்காரன் செத்து மகன் வந்த பிறகும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

புதுத் தகடு வாங்க வழியில்லை. பழைய இரும்புக்கடையில் இரண்டு பீரோக் கதவுகள் கிடைத்தன. அவ்வளவுதான் தகரம், வெட்டிக் கெடுத்தால் வேறு கிடையாது. டிங்கர் துருவைச் சுரண்டிச் சுரண்டி ஓட்டைகளைத் திறந்து வைத்தான். ஓட்டைகளுக்கு அளவெடுக்கும் வேலையைத் தையல்காரர் பிடுங்கிக்கொண்டார். இருபக்கமும் முட்டிபோட்டு, டேப் பிடித்து, காக்கித்தாளில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு தாள் வெட்டிக் கொடுத்தார். 'இடது கால்', 'வலது கால்', 'பின் இடுப்பு' என்று மேலே எழுத்து வேறு.

மறுநாள் அவர் துணி கொடுக்கப் போன நேரம், டிங்கர் தாள்களைத் தகரத்தில் வைத்து அத்தனையையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டான். 'இடது கால்' துண்டை ஓட்டையில் வைத்தான். பெரிது. 'வலது கால்' வைத்தான். பெரிது. 'பின் இடுப்பு' சுற்றிலும் பிதுங்கிக்கொண்டு நின்றது. தையல்காரர் திரும்பி வந்தபோது சந்தே அதிர்ந்தது.

"மாமா! கண்ணு தெரியுதா இல்லையா? எல்லாம் அரை இஞ்ச் கூட!"

"ஆமா. அரை இஞ்ச்தான் விட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"தையலுக்கு."

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தான். கையில் இருந்தால் நல்லதில்லை என்று தோன்றியது.

"தகரத்துக்கு எங்க மாமா தையல்?"

"பழக்கம் மாப்ள. விடாம வெட்டுனா கை நடுங்குது."

ஜன்னலில் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் டிங்கருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டு வெல்டிங் நெருப்பைப் பற்றவைத்தான். கூடுதலை வெட்டி எறியும் முன், ஓட்டை விளிம்பில் சும்மா ஒரு வெல்டிங் பொட்டு வைத்துப் பார்த்தான். விளிம்பு துருவில் மெலிந்து அப்பளமாக இருந்தது. நெருப்புப் பட்டதும் உருகிக் கொட்டி ஓட்டை இன்னும் அகலமானது. அளவாக வெட்டியிருந்தால் துண்டு ஓட்டை வழியாகக் கீழே போயிருக்கும். அரை இஞ்ச் கூட இருந்ததால் அது மெலிந்த இடத்தைத் தாண்டி, நல்ல இரும்பின்மேல் போய் உட்கார்ந்தது. ஓரத்தைத் தட்டி மடித்தான். பொட்டு வைத்தான். கல்லாக நின்றது.

"என்ன மாப்ள, தேறுமா?"

"ம்" என்றான் டிங்கர். வாயில் ஊசி ஏதும் இல்லை.

தரை ஆனது, கதவுகள் ஆயின. மெக்கானிக் ஒருத்தர் இரண்டு பேன்ட்டுக்கு எஞ்சினைப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தார். பெயின்ட் கலருக்குத் தையல்காரர் துணித் துண்டுகளைக் காரில் சாத்திச் சாத்திப் பார்த்து, கடைசியில் அக்காவின் பழைய புடவை ஒன்றின் பச்சையைப் பிடித்தார். பேட்டரிக்கு மட்டும் பணம் எட்டவில்லை. யாரோ கழித்துப்போட்ட ஒன்றைச் சார்ஜ் ஏற்றி மாட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பச்சைப் புடவையில் வந்தாள். காரை மேலும் கீழும் பார்த்தாள். சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, பிறகு தம்பியின் தோளைப் பிடித்து, மெதுவாக முன் சீட்டில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்தாள். இரண்டு காலாலும் தரையை ஒரு மிதி மிதித்துப் பார்த்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிநேகிதி காத்திருந்தாள்.

தையல்காரர் சாவியைத் திருப்பினார். கார் இருமியது. இன்னொரு தரம் திருப்பினார். முனகியது. மூன்றாம் தரம் அதுவும் இல்லை.

அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை கதவுப் பிடியில் இருந்தது. தையல்காரரின் காதோரம் வியர்வை இறங்கியது. கழுத்தை நீட்டி, ஒன்றும் நடக்காதது மாதிரி குரல் கொடுத்தார்.

"மாப்ள, டிக்கி சரியா மூடலை போல. கொஞ்சம் பின்னாடி போய் அழுத்திப் பாரு."

டிங்கர் பின்னால் போய் அழுத்தினான்.

"ம்ம், அப்படித்தான். தெருமுனை வரைக்கும் அழுத்து."

கார் நகர்ந்தது. டிங்கர் குனிந்து, தலையை மறைத்துக்கொண்டு, செருப்பு வழுக்க வழுக்க அழுத்தினான். சந்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தாகிவிட்டது. எஞ்சின் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கியது. அப்போது முன்பக்கம் ஜன்னல் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது. போச்சுடா, இறங்கப் போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அக்காவின் தலை வெளியே வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்வை பாலத்துப் பக்கம்தான் இருந்தது.

"டேய் தம்பி," என்றாள், "டிக்கி இன்னும் சரியா மூடலடா. நல்லா வேகமா அழுத்து!"