பப்படம் ஏன் பன்னிரண்டு மணிக்குக் குரைத்தது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அழைப்புமணி அடித்தது. திறந்தால், பக்கத்து வீட்டுக் கவிதா. கையில் ஒரு தாள்.

கவிதா மதுரைப் பெண். ஆஸ்பத்திரியில் டொக்டர். மாதம் முழுக்க நைட் ஷிப்ட். லண்டன் நோர்பரியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். பகலில் அந்தப் பக்கம் அவர் தூங்குவார். இந்தப் பக்கம், நானும் மனைவி சாந்தியும் வேலைக்குப் போன பிறகு, பப்படம் தனியே இருக்கும்.

பப்படம் எங்கள் நாய். அதன் காதுகளைப் பார்த்தவர்கள் யாரும் பெயருக்குக் காரணம் கேட்டதில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. கவுன்சிலுக்குப் போன் பண்ணி கம்ப்ளெய்ன்ட் சொன்னேன். எப்பெப்ப குரைக்குதுன்னு ரெண்டு வாரம் எழுதி அனுப்பச் சொன்னாங்க. எழுதிட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டிடலாம்னு…”

நான் தாளை வாங்கவில்லை. வாய் திறந்து நியாயம் பேசத் தயாரானேன். அவர் முந்திக்கொண்டார்.

“வியாழக்கிழமை டிரைவ் பண்ணிட்டு வர்றப்ப கண்ணு சொருகிடுச்சுண்ணா. சிக்னல்ல பின்னாடி இருந்தவன் ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சேன்.”

நாய் என்றால் குரைக்கத்தான் செய்யும் என்று இனி எப்படிச் சொல்வது?

“மூண்டு கிழமை தாங்கோ டொக்டர்” என்று மூன்று வாரத் தவணை கேட்டேன்.

“சரிண்ணா. டாக்டர்லாம் வேணாம், கவிதான்னே கூப்பிடுங்க.”

தாளை என் கையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனார். கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையங்கள். அவற்றை வரைந்தது என் நாய்.

*

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பப்படம் காப்பகத்திலிருந்து வந்த நாய். எங்களுக்கு முன் இரண்டு வீடுகள் அதைக் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பியிருந்தன. கூட்டில் தொங்கிய அட்டையில் இரண்டு முறையும் ஒரே காரணம் — குரைக்கிறது.

கையெழுத்துப் போடும்போது அங்கிருந்த பெண் கேட்டாள், “நீங்களும் கொண்டுவந்து விட்டுவிடுவீர்களா?”

மாட்டேன் என்றேன். அவளிடம் சொன்னதாக நினைக்கவில்லை. கம்பிக்குப் பின்னால், ஒரு காது மேலும் ஒரு காது கீழுமாக நின்றதே… அதனிடம் சொன்னேன். நான் பல வாக்குகளைத் தவறவிட்டவன். இதை விடுவதாக இல்லை.

தாளை மேசையில் விரித்தோம். திங்கள் 12.02. செவ்வாய் 12.01. புதன் 12.03. இடையிடையே ஒன்றிரண்டு வேறு நேரங்கள். மற்றபடி எல்லா நாளும் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. என் நாய்க்கு யார் மணிக்கூடு கட்டிவிட்டது?

“போஸ்ட்மனாத்தான் இருக்கும்” என்றாள் சாந்தி.

“எந்தப் போஸ்ட்மனப்பா இந்த ஊரிலை நேரத்துக்கு வந்தவன்?”

புதன்கிழமை லீவு போட்டேன். வழக்கம்போல் எட்டு மணிக்குக் கிளம்பினோம். சாந்தி வேலைக்குப் போனாள். நான் ஊரைச் சுற்றிவிட்டு, பதினொன்றரைக்குக் கவிதா வீட்டு மணியை அடித்தேன். அவருக்கு அன்று ஓய்வு. காப்பி போட்டுக் கொடுத்தார். சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

நாம் இல்லாத நேரத்தில் நம் வீட்டைக் கேட்டிருக்கிறீர்களா? அது வேறு யாரோ வாழ்ந்துவிட்டுப் போன வீடு மாதிரி இருக்கிறது. பிரிட்ஜ் முனகுகிறது. எங்கோ ஒரு பலகை நெட்டி முறிக்கிறது. அடியில், மெல்லிதாக, வானொலி.

அந்த வானொலியை வைத்தவன் நான்தான். லண்டன் தமிழ் வானொலி, பப்படத்துக்குத் துணையாக. முதலில் ஆங்கில வானொலி வைத்துப் பார்த்தோம் — கதவைப் பிராண்டியது. ஒன்றும் வைக்காமல் விட்டோம் — திரும்பி வந்தபோது அழுது அழுது குரல் அடைத்துக் கிடந்தது. தமிழ் கேட்டால்தான் அடங்கும். என்ன செய்ய, எங்கள் வீட்டு நாய்.

பன்னிரண்டு அடித்தது. பாட்டு நின்றது. ஒரு சோக இசை எழுந்தது. அதன் முதல் இழை முடியுமுன் — வள்! வள்! வள்! பிறகு நீளமாக ஓர் ஊளை.

“இது என்ன மியூசிக்ண்ணா?” என்றார் கவிதா.

“மரண அறிவித்தல்.”

“ரேடியோலயா? டெய்லியுமா?”

“ஓம். இடையிலை ஆரும் செத்தால் விசேட அறிவித்தலும் வரும்.”

தாளில் இருந்த ஒன்றிரண்டு வேறு நேரங்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது. கவிதா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, திகைப்பா, தெரியவில்லை. எனக்கோ காது சூடாகியது. ஏனென்றால், அந்தக் குரைப்பைப் பப்படம் எங்கே படித்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்கு அதே அறிவித்தல்கள் மறுபடியும் வரும். இசை கேட்டதும் சாந்தி அகப்பையோடு ஓடி வருவாள். “இஞ்சேருங்கோ, சத்தத்தைக் கூட்டுங்கோ!” நான் பாய்ந்து கூட்டுவேன். ஊர்ப் பெயர் வந்ததும் போனை எடுப்பாள். “கேட்டனியே? எங்கடை பக்கம்தான்! ஆரெண்டு தெரியேல்லை!” வெம்பிளியில் இருக்கும் அவள் தங்கைக்குப் போன் இல்லாமலே கேட்கும். பின்னால் பப்படம், வாலைத் தூக்கிக்கொண்டு, எங்களோடு சேர்ந்து குரைக்கும்.

அந்த இசை வந்தால் எழும்ப வேண்டும், ஓட வேண்டும், கத்த வேண்டும். நாங்கள் பழக்கியது இதுதான். பகலில் நாங்கள் இல்லை. கடமையை அது ஒற்றையாகச் செய்திருக்கிறது.

*

டைமர் ஒன்று வாங்கினேன். பன்னிரண்டுக்கு வானொலி தானாக அணையும். சரிதான். ஆனால் விசேட அறிவித்தல் டைமருக்குக் கட்டுப்படுமா? இரண்டாம் நாளே பதினொன்றுக்கு ஒருவர் போய்விட்டார்; பப்படம் குரைத்ததைக் கவிதா வந்து சொன்னார்.

டைமரைக் கழற்றி எறிந்தேன். வேறு வழி ஒன்றுதான் இருந்தது. மாலை ஏழு மணிக்கு இசை வரும்போது யாரும் எழும்புவதில்லை. சத்தம் கூட்டுவதில்லை. முடியும்வரை போன் இல்லை. பப்படம் சும்மா இருந்தால் ஒரு துண்டு கோழி.

“எங்களுக்கு என்ன துண்டு?” என்றாள் சாந்தி.

முதல் நாள் அவள் பாதி எழும்பிவிட்டாள். “இரும்!” என்றேன். அந்த ‘இரும்’ தெருவுக்கே கேட்டது. பப்படம் மகிழ்ச்சியோடு சேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் என் கை ரிமோட்டுக்குப் போனது. சாந்தி அகப்பையால் தட்டிவிட்டாள். நாயைப் பழக்க ஒரு கிழமை போதும். இரண்டு நடுத்தர வயதுக்காரர்களைப் பழக்குவது… முடியாது என்று எங்களிருவருக்கும் தோன்றிய மாலைகள் உண்டு. அப்போதெல்லாம் காப்பகத்தில் தொங்கிய அந்த அட்டையை நினைப்பேன். இன்னொரு முறை அதில் அந்த வார்த்தையை எழுத விடுவதில்லை. மறுநாள் ஏழு மணிக்கு மறுபடி உட்காருவோம்.

பதினாறாம் நாள். இசை. அறிவிப்பாளரின் குரல். “மானிப்பாயைப் பிறப்பிடமாகவும், ஹரோவை வதிவிடமாகவும் கொண்ட…”

நாகேஸ்வரி. பள்ளிக்கூடத்தில் சாந்தியோடு ஒரே வாங்கில், பக்கத்தில் இருந்து படித்தவள்.

சாந்தியின் கை போனை நோக்கி நகர்ந்தது. பப்படம் எழுந்து நின்றது. காதுகள் இரண்டும் மேலே. என் வாய்வரை வந்தது — பரவாயில்லை, நீர் எழும்பும் என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை. நகர்ந்த கையைத் திருப்பிக் கொண்டுவந்து நாயின் முதுகில் வைத்தாள். கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. கணவர் பெயர், பிள்ளைகள் பெயர், பேரப்பிள்ளைகள் பெயர், மண்டபத்தின் முகவரி… எல்லாம் முடியும்வரை அசையாமல் கேட்டாள்.

பப்படம் அவள் காலடியில் படுத்துக்கொண்டது. கோழித் துண்டை எடுக்க இருவருமே மறந்துபோனோம். அதுவும் கேட்கவில்லை.

பிறகு குசினிக்குப் போய், கதவைச் சாத்தி, தங்கையோடு மெல்லப் பேசினாள். இத்தனை வருடத்தில் ஒரு சாவை அவள் தாழ்ந்த குரலில் சொன்னது அன்றுதான். இவ்வளவு காலமும் நாங்கள் செய்தியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்று ஒரு மனுசி போய்விட்டதைக் கேட்டோம்.

*

மூன்று கிழமைத் தவணை முடிந்த ஞாயிறு, மறுபடி மணி அடித்தது. கவிதா. கையில் புதுத் தாள். இந்த முறை வாங்கிப் பார்த்தேன்.

கடைசி ஐந்து நாள் வெறுமையாக இருந்தது. கண்ணின் கீழ் வளையங்களும் சற்று வெளுத்திருந்தன. ஆனால் முகம் என்னவோ மாதிரி இருந்தது.

“என்ன கவிதா, பேந்தும் குரைச்சதே?”

“அதில்லண்ணா… நேத்து பன்னெண்டு மணிக்குத் தானா முழிப்பு வந்துடுச்சு. சத்தமே இல்ல. பப்படத்துக்கு ஏதும் ஆயிடுச்சோன்னு பயந்து, அரை மணி நேரம் சுவத்துல காத வெச்சுட்டு நின்னேன்.”

இந்த முறைப்பாட்டை மட்டும் நான் தீர்த்துவைப்பதாக இல்லை.