ஐந்தாம் நாள் கலங்கிய புட்டி

பிறந்த குழந்தைகளுக்கு மூக்கு வழியாகப் பாலூட்டும் மெல்லிய குழாய்களில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. குழாயை வெட்டி, கிருமி வளர்வதற்கான கரைசல் நிறைந்த புட்டிகளில் போட்டு, பதினான்கு நாள் காத்திருப்போம். கரைசல் தெளிவாகவே இருந்தால் குழாய் சுத்தம். குழாய் போடாத ஒரு புட்டியும் கூடவே வைப்போம். அது கலங்கினால் தப்பு எங்களிடம்.

மகள் பிறந்து, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய மாதம், ஐந்தாம் நாளில் அந்தப் புட்டிதான் கலங்கியது.

அந்தச் சோதனையின்போது அறைக்குள் இருந்தது இரண்டே பேர். நானும், குழாய் உறைகளை ஸ்பிரிட்டால் துடைத்து என்னிடம் தரும் அக்காவும். ஓரிக்கையிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒப்பந்த ஊழியர்.

"அந்தம்மாவுக்குச் சளி இருந்துது இல்ல? அதான்," என்றார் மேலாளர். "நாளைக்கு வேற ஆள அனுப்பச் சொல்றேன்."

உடை மாற்றும் அறை பெஞ்சில் அக்கா அழுதுகொண்டிருந்தார். "நான் தும்மவே இல்லமா. இருமல் வந்துது, மூச்சப் புடிச்சிக்கினு நின்னேன்."

"இருங்கக்கா, தட்டுங்களப் பாத்துட்டு வரேன்."

சோதனை முடிந்ததும் கையுறை விரல்களை ஆளுக்கொரு தட்டில் பதித்து வைப்போம். கிருமி இருந்தால் புள்ளிகளாக வளரும். அக்காவின் தட்டில் ஒன்றுமில்லை. என்னுடையதில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். மனிதத் தோலில் வாழும் கிருமி. புட்டியில் வளர்ந்திருந்ததும் அதேதான்.

மகளின் துணிகளைத் துவைத்துத் துவைத்து என் விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. கையுறை போட்டாலும், கையில் புண் இருந்தால் உள்ளே போகக் கூடாது. தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அறிக்கையில் என் பெயரை எழுதினேன். படித்துவிட்டு மேலாளர் என் கையைப் பார்த்தார்.

"ஏம்மா சொல்லல?"

"இப்பதான் லீவு முடிஞ்சு வந்தேன். மறுபடியும் ஒரு காரணமான்னு நெனைப்பீங்கன்னு பயந்துட்டேன் சார்."

அவர் அதட்டவில்லை. கை ஆறும்வரை எழுத்து வேலை கொடுத்தார். அக்காவை அவரே கூப்பிட்டு, வழக்கம்போல வரச் சொன்னார். வேறொருவர் செய்த மறுசோதனையில் பதினான்கு நாளும் எல்லாப் புட்டிகளும் தெளிவாகவே நின்றன.

நான் அறிக்கை எழுதிய வார ஞாயிற்றுக்கிழமையே, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் அக்கா நின்றார். உள்ளே வந்ததும் நேரே குழாயடிக்குப் போய், ஊறிக்கொண்டிருந்த துணி வாளியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"விடுங்கக்கா!"

"நீ தண்ணில கை வெக்காத. கொழந்த அழுதுக்கினு இருக்குது, போய்த் தூக்கு."

மகளைத் தூக்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னால அன்னிக்கு அழுதீங்களேக்கா," என்றேன்.

"ஆமா, அழுதேன்," என்றார், ஒரு சின்னச் சட்டையைப் பிழிந்தபடி. "நீ பேர எழுதினதக் கேட்டு இன்னும் கொஞ்சம் அழுதேன்."