பட்டு மாமியின் வண்டியில் வந்த வாசனை

பட்டு மாமிக்கு ரேஷன் அட்டையில் பார்வதி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் எவரும் வீட்டைக் காட்டமாட்டார்கள். மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் மாமி என்று கேட்டால், வீட்டைக் காட்டுவதோடு, இன்றைக்கு மொளகூட்டலா மோர்க்கூட்டானா என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார்கள்.

தெரு பாலக்காட்டு நகரத்துக்குள்ளேயே இருந்தாலும் அதைக் கிராமம் என்றே அழைப்பது வழக்கம். குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் பம்பாய், நாகபுரி, ஜாம்ஷெட்பூர் என்று வாழ்நாளெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு, ஓய்வுபெற்றபின் பூர்விக வீட்டுக்குத் திரும்பியவர்கள். பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள், முழங்கால்கள் ஒத்துழைப்பதில்லை. ஆகையால் வீடு வீடாக அடுப்பை அணைத்துவிட்டு, பசியாற்றும் பொறுப்பைப் பட்டு மாமியிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

மாமி பிறந்து வளர்ந்தது இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம். தகப்பனார் அங்கே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதினார். தோட்டத்து ஜீப்பை மலைச்சரிவில் பின்பக்கமாகவே இறக்கும் வித்தையைப் பெண் கற்றுக்கொண்டிருப்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் பாலக்காட்டில் தெரியவந்தது. கேட்காமல் கிடைத்த சீர் இது ஒன்றுதான் என்று அவருடைய மாமியார் சொன்னதாகக் கேள்வி. கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்துக் காலமானார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கலந்து கொடுத்து அலுத்துப்போன மாமி, இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று பதினான்காம் நாள் முடிவு செய்தார்.

வீட்டு அடுப்பு போதவில்லை. சமூக மடத்துச் சமையலறையைக் கிராமக் கமிட்டியிடம் கேட்டார். சமூக மடம் என்பது ரயில்வே மேம்பாலத்துக்கு மறுபக்கம் உள்ள, கிராமத்துக்குப் பொதுவான மண்டபம். கல்யாணமும் தேர்க்காலத்துச் சாப்பாடும் அங்கேதான் நடக்கும். மற்ற நாள்களில் பெரிய வெண்கல உருளிகளில் பல்லிகள் குடியிருந்தன. கமிட்டி சம்மதித்தது. ஆசாரம் தவறக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

சாப்பாட்டைக் கொண்டுசேர்க்க மாமி வாங்கியது ஒரு பழைய ஆம்னி வண்டி. குமுளியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் பல ஆண்டுகள் மூட்டை சுமந்து மலையேறி ஓய்ந்தது அது. வண்டிக்குள் ஏறியிருந்த ஏலக்காய் மணம் தூக்குப் பாத்திரங்களிலும் ஏறியது. மாமியின் மிளகு ரசத்தில் ஏதோ தெய்விக வாசனை இருக்கிறது என்று தெருவே புகழ்ந்தது. காரணம் வண்டிதான் என்று மாமிக்குத் தெரியும். புகழ்கிறவர்களை இடைமறித்துத் திருத்துவது மரியாதை அல்லவென்று அவர் பேசாமல் இருந்தார்.

சென்ற ஆண்டு ஓணத்துக்குச் சற்று முன்பு அந்த ஏலக்காய் மணத்தை வேறொன்று வென்றது. வண்டி ரயில்வே மேம்பாலத்தில் முக்கி முனகி ஏறி, இறங்கி, தெருமுனை திரும்பி வீட்டு வாசலில் நிற்கும்போது, அதன் பின்னாலேயே ஒரு வாசனை வந்து சேர்ந்தது. இஞ்சினை அணைத்தபிறகும் அது நகரவில்லை. மாமி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியேறினால் அதுவும் கூடவே படியேறியது.

அது அழுகிய முட்டையின் வாசனை. இந்த ஒரு வாக்கியத்தை நான் இங்கே எளிதாக எழுதிவிட்டேன். தெருவில் அதை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். வெளியூர்களில் இருந்த காலத்தில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை என்பது எழுதாமலே கடைப்பிடிக்கப்பட்டு வந்த ஒப்பந்தம். அதனால் முதல் வீட்டுக்காரர் சாக்கடை என்றார். எதிர்வீட்டுக்காரர் செத்த எலி என்றார். கல்லூரியில் படித்த ரசாயனக்கூடம் நினைவுக்கு வருவதாக ஒருவர் பெருமூச்சு விட்டார். நகரசபை ஊழியர்கள் வந்து ஓடையைத் தோண்டிப் பார்த்து, அதில் ஒரு குற்றமும் இல்லையென்று மூடிவிட்டுப் போனார்கள்.

வண்டியைப் பார்க்கக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பூபதிராஜா வந்தார். ஆம்னி வண்டிகளுக்கென்றே பட்டறை வைத்திருப்பவர், கைராசிக்காரர். ஆனால் கொரோனா வந்துபோனதிலிருந்து அவருக்கு மோப்ப சக்தி திரும்பவே இல்லை.

"எம்பட மூக்கு இப்ப கண்ணாடி மாட்டறதுக்கு மட்டும்தானுங்க மாமி. என்ன வாசம்னு நீங்கதான் சொல்லோணும்" என்றார்.

மாமி உண்மையாகவே அந்தப் பொருளை முகர்ந்தறியாதவர். கெட்ட வாசனை என்பதற்கு மேல் அவரிடம் சொல் இல்லை. சுற்றி நின்ற பெரியவர்களைக் கேட்டார் பூபதிராஜா. ஒருவர் கந்தகம் என்றார். இன்னொருவர் திராவகம் என்று திருத்தினார். திராவகம் என்றால் பேட்டரிதான் அளவுக்கு மீறிக் கொதிக்கிறது என்று தீர்மானித்துப் பேட்டரியை மாற்றினார் பூபதிராஜா. வாசனை போகவில்லை. செத்த எலி என்று வேறொருவர் அடித்துச் சொன்னதன்பேரில் இருக்கைகளை எல்லாம் கழற்றினார். கிடைத்தவை ஒரு கைப்பிடி ஏலக்காயும் குமுளியில் தொலைந்த யாரோ ஒருவருடைய செருப்பும்தாம்.

இதற்குள் பேச்சு வேறு திசையில் திரும்பிவிட்டது. மாமியின் வீட்டு மாடியறையில் நிகில் என்ற இளைஞன் வாடகைக்கு இருந்தான். வங்கியில் வேலை, காலையில் இரும்புக் குண்டு தூக்குவான். குண்டு தூக்குகிறவன் வெறும் மோர்க்கூட்டானில் தூக்கமாட்டான் என்று ஒருவருக்குத் தோன்றியது. அவனுக்கென்று மாமி தனியாக ஏதோ வேகவைத்துத் தருகிறார் என்பது இரண்டாம் வீட்டைத் தாண்டும்போது செய்தியாகவும், கோயிலை அடையும்போது சாட்சியோடும் இருந்தது. பாத்திரங்கள் திறக்கப்படாமலே திரும்பின. கடைசியில், சமூக மடத்துச் சமையலறையை மாமியிடமிருந்து திரும்பப் பெறுவதா என்று முடிவுசெய்ய ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடும் என அறிவிப்பு வந்தது. சமையலறை போனால் தொழில் போயிற்று. மாமி பூபதிராஜாவுக்குத் தொலைபேசியில் சொல்லி, கூட்டத்துக்குச் சாட்சியாக வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கூட்டத்தில் காரியதரிசி மிகவும் ஜாக்கிரதையாகத் தொடங்கினார். கிராமத்தில் புழக்கத்தில் இல்லாத ஒரு குறிப்பிட்ட வஸ்துவின் வாசனை, மாமியின் பாத்திரங்களோடு சம்பந்தப்பட்டு உணரப்படுகிறது என்றார்.

"எந்த வஸ்து?" என்று கேட்டார் மாமி.

"அது உங்களுக்கே தெரியும்."

"நேக்குத் தெரியாது. தெரிஞ்சவா யாராவது பேரைச் சொல்லுங்கோ. பேரே சொல்ல முடியாத சாமானை நான் கடையில போய் என்னன்னு கேட்டு வாங்கியிருப்பேன்?"

சபை மேற்கூரையைப் பார்த்தது. மின்விசிறி சுழல்வதை இத்தனை பேர் ஒருசேரக் கவனித்தது அந்த மண்டபத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அப்போது சாம்பசிவன் எழுந்தார். நாகபுரியில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். ஆசாரத்தில் தெருவிலேயே கறாரானவர் என்று பெயர் வாங்கியவர். சாம்பாரில் வெங்காயம் தட்டுப்பட்டால் அதைத் தேளைப்போல் தட்டோரத்துக்கு ஒதுக்குபவர். ஆனால் மாமியின் சாப்பாடு நின்றால் அவர் தம் கையால் செய்யும் உப்புமாவைத்தான் உண்ணவேண்டும். கூட்டத்துக்கு முன் இரண்டு நாள்கள் அவர் அதை உண்டு பார்த்திருந்தார்.

"அது அழுகின முட்டை" என்றார் சாம்பசிவன்.

மின்விசிறியை விட்டு எல்லாக் கண்களும் அவர் பக்கம் இறங்கின. அவர் தணிக்கை அறிக்கை வாசிக்கும் குரலிலேயே தொடர்ந்தார். குற்றச்சாட்டு வேகவைத்த முட்டை பற்றியது. வருகிற வாசனையோ அழுகிய முட்டையுடையது. இரண்டும் ஒன்றாகா. வேகவைத்ததன் வாசனை ஓடு உரிக்கும்போதுதான் வரும். அதுவும் சமையலறையைத் தாண்டாது. ஆகவே மேம்பாலம் ஏறி வருகிற வாசனைக்கு மாமியின் அடுப்பு பொறுப்பாகாது.

"ஆம்லெட்டா இருந்தா?" என்று காரியதரிசி கேட்டுவிட்டார்.

"ஆம்லெட் வாசனையைக் கெட்ட வாசனைன்னு யாரும் சொல்லமாட்டா, கேட்டேளா. அதுலயும் பச்சமிளகாயும் வெங்காயமும் பொடியா நறுக்கிப் போட்டா..." என்று தொடங்கிய சாம்பசிவன், அங்கே நிறுத்திக்கொண்டார்.

ஆனால் பின்வரிசையிலிருந்து ஜாம்ஷெட்பூர்க்காரர் ஒருவர், வெங்காயத்தைவிட மிளகு எடுப்பாக இருக்கும் என்றார். பம்பாய்க்காரர் அதை மறுத்துக் கொத்தமல்லித்தழையின் பக்கம் நின்றார். ஒப்பந்தம் முறிந்தபின் சபைக்கு நாக்கு விடுதலையாகிவிட்டது. பால் சேர்த்து அடித்தால் உப்பி வரும், இரும்புக் கல்லில் ஊற்றினால் ஓரம் மொறுமொறுக்கும் என்று விவாதம் விரிந்தது. முடிவில் காரியதரிசியே மேசையைத் தட்டி அமைதி உண்டாக்கி, எல்லாரையும் திருத்தும் ஆவலில், "வேகவெச்சதுலயும் அந்த வாசனை கொஞ்சம் வரும் ஓய். ரொம்ப நேரம் வேகவிட்டா மஞ்சக்கருவைச் சுத்தி ஒரு பச்சை வளையம் விழும். அப்ப வரும்" என்றார். சொல்லி முடித்தபிறகே தாம் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

இவ்வளவையும் பட்டு மாமி கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மனசிலாச்சு. இனி வோட்டெடுப்பு வெச்சுக்கலாம். ஆனா ஆசார விஷயமாக்கும் இது. முட்டையைப் பத்தி அபிப்பிராயம் சொன்னவாள்லாம் அந்தப் பக்கம் ஒதுங்கி உக்காருங்கோ. மத்தவா வோட்டுப் போடட்டும்" என்றார்.

ஒவ்வொருவராக எழுந்து சுவரோரம் போனார்கள். நடுமண்டபத்தில் மிச்சமிருந்தவர் மாமி ஒருவரே. ஒருவரைக் கொண்டு, குறைந்தபட்ச ஆள்கணக்கான கோரம் சேராது என்ற விதியைக் காரியதரிசி தக்க சமயத்தில் கண்டுபிடித்தார். வண்டியைச் சீர்செய்து, வாசனை அறவே இல்லையென்று கமிட்டி நேரில் முகர்ந்து உறுதிசெய்தால் சமையலறை மாமிக்கே. இல்லையேல் சாவியைத் தரவேண்டும் என்று முடிவாயிற்று.

வாசற்படியில் நின்றிருந்த பூபதிராஜா நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அழுவின முட்டைன்னு மொதல்லயே ஒருத்தர் சொல்லியிருந்தா நான் பேட்டரியத் தொட்டே இருக்கமாட்டனுங்களே. திராவகம்னீங்க, எலின்னீங்க. முட்டைன்னா கன்வெர்ட்டருங்க" என்றார்.

பிறகு விளக்கினார். இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், சைலன்சருக்கு முன்னால், கன்வெர்ட்டர் என்ற ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதற்குள் தேன்கூட்டைப்போல் கண்கண்ணாகத் துளையிட்ட பீங்கான். புகையிலுள்ள நஞ்சை முறிப்பது அதன் வேலை. புகையிலுள்ள பிராணவாயுவின் அளவறிந்து சொல்லும் சென்சார் பழுதாகிவிட்டால், இஞ்சின் தேவைக்கு மேல் பெட்ரோலைக் குடிக்கும். எரியாத மிச்சமெல்லாம் அந்தப் பெட்டியில் போய்ச் சேரும். அது சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். அடைத்த பெட்டியால் பெட்ரோலிலுள்ள கந்தகத்தைச் சரியாக மாற்ற முடியாதபோதுதான் இந்த வாசனை. வண்டி மேம்பாலத்தில் முக்கியதும் அதனால்தான். மூக்கை அடைத்துக்கொண்டு யாரால் மேடு ஏற முடியும் என்று கேட்டார். கந்தகம் என்று சொன்னவர் சுவரோரத்திலிருந்து சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உடனே மண்டப வாசலிலேயே பூபதிராஜா வண்டிக்கு அடியில் படுத்து, ரப்பர் சுத்தியலால் பெட்டியைத் தட்டினார். உள்ளே காய்ந்த கொப்பரை குலுங்குவதுபோல் ஓசை கேட்டது. தேன்கூடு உடைந்து உதிர்ந்திருந்தது.

மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து புதிய பெட்டியும் சென்சாரும் வந்தன. மாமியின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திப் பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மலைமழையில் துருவேறிய போல்டுகள் எண்ணெய்க்கும் இரங்கவில்லை, இடுக்கிக்கும் இரங்கவில்லை. ஒன்றைச் சூடுகாட்டி இளக்கினார். ஒன்றை அறுத்தே எடுத்தார். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது கருகிய பீங்கான் துண்டுகள் கொட்டின. கமிட்டி அங்கத்தினர்கள் அவற்றைக் குனிந்து முகர்ந்தார்கள். இப்போது அதற்கு வெட்கப்பட அவசியம் இருக்கவில்லை. புதிய வளையம் வைத்து, புதிய பெட்டியைப் பூட்டி, சென்சாரை மாட்டி, கசிவு இல்லையென்று கையைக் காட்டிச் சரிபார்த்தபின் பூபதிராஜா எழுந்தார்.

பரிசோதனைக்குக் காரியதரிசியும் சாம்பசிவனும் நியமிக்கப்பட்டார்கள். வாசனை நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காகத் தூக்குப் பாத்திரங்கள் வைக்கும் பின்பகுதியிலேயே பலகை போட்டு இருவரும் அமர்ந்தார்கள். மேம்பாலத்தின் அடிவாரத்தில் மாமி, இத்தனை நாள் பழக்கத்தில், ஆக்சிலரேட்டரை முழு பலத்தோடு அழுத்தினார். அடைப்பு நீங்கிய வண்டிக்கோ அந்த அழுத்தம் தேவையாக இருக்கவில்லை. அது ஒரு தனியார் பேருந்தை இடப்பக்கமாகக் கடந்து, உச்சியை அடைந்து, சக்குபள்ளத்துச் சரிவை நினைத்துக்கொண்டதுபோல் மறுபக்கம் இறங்கியது. பலகை முன்னும் பின்னும் சறுக்கியது. பின்னாலிருந்து ஒருவர் சிவநாமமும் மற்றவர் இந்தியில் ஏதோ ஒரு வேண்டுதலும் சொல்வது கேட்டது.

பாலத்துக்கு அப்பால் நிழலில் நிறுத்தி, மாமி திரும்பிப் பார்த்தார்.

"வாசனை வந்ததோ?"

"தெரியலை. நான் மூச்சே விடலை" என்றார் காரியதரிசி.

"கொழப்பமில்லை. இன்னொரு தடவை ஏறி எறங்கினாப் போச்சு. இப்ப நன்னா மூச்சு விடுங்கோ" என்று மாமி கியரைப் போட்டார்.

வாசனை எள்ளளவும் இல்லை, முன்பு வந்ததா என்பதே இப்போது சந்தேகம், சமையலறை மாமிக்கே என்று இருவரும் ஒரே குரலில் சான்று கூறினார்கள். கூறிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கியும் விட்டார்கள். இரண்டு பெரியவர்களும் மேம்பாலத்தின் மேல் நடந்து திரும்பி வருவதைப் பார்த்த பூபதிராஜா, வண்டி வழியில் நின்றுவிட்டதோ என்று பதறி எழுந்தார். ஆனால் வண்டி அதற்கு முன்பே சமூக மடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மாமி மறுநாள் புளிங்கறிக்கு உருளியைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார்.