கொலுப்படிக்குள் ஒளித்த ஒயர்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொலுவில் பாட்டு ஒலிக்க, தேடித் தேடி நல்ல ஸ்பீக்கர் வாங்கினேன். ஒயரில்தான் கோட்டை விட்டேன். பழைய சீரியல் லைட்டின் மெல்லிய ஒயரை முறுக்கி இணைத்து, கண்ணை உறுத்தாமலிருக்க ஆம்ப்ளிஃபயரோடு படிக்கு அடியில், பட்டுத்துணிக்குள் மறைத்தேன்.

மாலையில் பாட்டு சட்டென நின்றது. நான் கண்டுகொள்ளாமல் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்தான், "மாமி, துணி பொசுங்கற நாத்தம் வரதே!" என்று கத்தினாள். படியோரம் கைக்குழந்தையான என் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை வாரி எடுத்தபோது துணி புகைந்துகொண்டிருந்தது. கணவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். முறுக்கிய இடத்தில் ஒயர்கள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகி, ஆம்ப்ளிஃபயர் கொதித்திருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கொலுவுக்கும் ஸ்பீக்கருக்கென்றே விற்கும் தடித்த ஒயரை ஒட்டுப்போடாமல் இழுக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் படிக்கு வெளியேதான் இருக்கிறது. "மறைச்சு வெச்சா கொலு இன்னும் அழகா இருக்குமே மாமி" என்பவர்களுக்கு, அன்று படியோரம் தூங்கி, இன்று பாவாடை கட்டி ஓடும் பேத்தியைக் காட்டுகிறேன்.