வல்லிபுரத்தில் ஒரு மராட்டிப் பாட்டும் என் வயிற்றெரிச்சலும்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகத்தான் கோயில்களுக்குப் போவது வழக்கம். வீட்டில் எல்லாருக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டு, கோப்பாய்ச் சந்தியில் பஸ்ஸேறினால் அரை நாளாவது எனக்கென்று கிடைக்கும். போன மாசியில் மட்டும் மூன்று பேராகப் போனோம். நான், என் கணவரின் தாயான மாமி, மேதா. மேதா என் கணவரின் தம்பி மனைவி, மராட்டியப் பெண். லண்டனில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். தம்பிக்கு விடுமுறை கிடைக்காததால் இரண்டு கிழமைக்கு அவள் மட்டும் வந்திருந்தாள். இங்கே ஒரு விஷ்ணு கோயில் பார்க்கவேண்டும் என்று அவள் கேட்டதுதான் தாமதம், "வல்லிபுரத்துக்குப் போவம் பிள்ளை, நானும் வாறன்" என்றார் மாமி. முழங்கால் நோ என்று பதினெட்டு வருடமாக என்னோடு மருதனார்மடம் ஆஞ்சநேயரைப் பார்க்கக்கூட வராத மாமி.

முன்பே சொல்லிவிடுகிறேன், இது வயிற்றெரிச்சலோடு எழுதியது. பஸ் விபரமெல்லாம் சரியாக இருக்கும். மற்றவற்றுக்கு நான் பொறுப்பில்லை.

காலை 7.20க்கு பருத்தித்துறை பஸ் வந்தது. டிக்கெட் ஆளுக்கு 130 ரூபா, ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஓட்டம். கிடைத்த இரண்டு இருக்கையில் யன்னலோரம் மேதாவுக்கு, பக்கத்தில் மாமி, எனக்குக் கம்பி. நீர்வேலி வாழைத்தோட்டம், புத்தூர் வெங்காயம் என்று வழிநெடுக மாமி காட்டிக்கொண்டே வந்தார். வல்லைவெளியில் காற்று முகத்தில் அடித்தபோது அவள் தலையை முந்தானையால் மூடியும் விட்டார். எனக்கு அந்தத் தோட்டங்களைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

பருத்தித்துறையிலிருந்து கோயிலுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர். ஓட்டோக்காரர் எண்ணூறு கேட்டார். நான் வாய் திறக்கமுன், "அண்ணை, கொஞ்சம் குறைச்சு எடுங்கோ" என்றாள் மேதா. தம்பியிடம் பழகிய தமிழ், எங்கள் ஊர்த் தமிழ். அந்த மனுசன் சிரித்துக்கொண்டே அறுநூறுக்கு இறங்கினார். நான் கேட்டிருந்தால் ஐம்பதோடு நின்றிருக்கும்.

"உவ எவ்விடத்துப் பிள்ளை அம்மா?" என்று கேட்டார்.

"எங்கடை பிள்ளைதான்" என்றார் மாமி.

நான் எவ்விடத்துப் பிள்ளை என்று அவரும் கேட்கவில்லை, மாமியும் சொல்லவில்லை.

வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கு முதல்தடவை போகிறவர்களுக்கு ஒன்று. மூலஸ்தானத்தில் ஆள் உருவம் இருக்காது, சக்கரம்தான் மூலவர். மேதா எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, சாமியின்ரை கால் எங்கை?" என்றாள். அவர்களுடைய பண்டரிபுரத்தில் யாரும் நேரே உள்ளே போய் விட்டலன் என்ற விஷ்ணுவின் காலில் தலையை வைக்கலாமாம். அந்தக் காலுக்காகத்தான் ஆடி மாதம் ஊர் ஊராகக் கொடி பிடித்துக்கொண்டு நாட்கணக்கில் நடப்பார்களாம்.

பூசை முடிந்து வெளிவீதி மணலில் நிழல் பார்த்து இருந்தோம். மாமி கிண்டிக் கிண்டிக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். விட்டலன் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு செங்கல்லின் மேல் நிற்கிறாராம். தாய் தகப்பனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஒருவன், வாசலில் வந்த சாமியை, "வேலை முடியட்டும், இதிலே நில்" என்று செங்கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டானாம். அந்தப் பக்கத்து ஊர்களில் அந்தக் காலத்தில் தையற்காரன், குயவன், தோட்டக்காரன் எல்லாரும் செய்கிற தொழிலோடு பாடினார்களாம். தைத்தவனுக்கும் வனைந்தவனுக்கும் ஊர் கூலியாகக் கொடுத்தது விளைந்த தானியத்தில் ஒரு பங்கு. உள்ளே விடாத சாதியில் பிறந்த ஒருவர் வாசலுக்கு வெளியே நின்றே பாடினாராம். அந்த இடத்தில், எங்கள் ஊர்க் கோயில் வாசல்களை நினைத்தோ என்னவோ, மாமி கொஞ்சம் அசைந்து இருந்தார்.

பிறகு மேதா கைதட்டி ஒரு பாட்டுப் பாடினாள். மெல்லிய குரல், பெரிய பாட்டுக்காரி ஒன்றுமில்லை. ஆனால் மாமியின் கண் கலங்கிவிட்டது.

"உதுக்கு என்ன கருத்து பிள்ளை?"

"ஒரு வேலைக்காரப் பொம்பிளை மாமி. விடிய எழும்பித் தனிய மா அரைப்பாவாம். அவ களைச்சுப் போனால் சாமி வந்து திரிகையின்ரை மற்றப் பக்கத்தைப் பிடிச்சுச் சுத்துமாம். தலையும் சீப்பாலை இழுத்து விடுமாம்."

"பாவம், எவ்வளவு வேலை செய்திருப்பாள்" என்று மாமி கண்ணைத் துடைத்தார்.

எப்போதோ செத்துப்போன, முகம் தெரியாத ஒருத்திக்கு மாமி அழுகிறார். பதினெட்டு வருடத்தில் "களைச்சுப் போனாய், இரு" என்ற ஒரு சொல்லை நான் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அந்த மணலில்தான் விளங்கியது.

"அவளுக்குச் சாமி வந்தது. எனக்கு ஆர் வந்தது?" என்று கேட்டே விட்டேன்.

மாமி என்னைப் பார்த்தார். மேதாதான் அவசரமாக, "அக்கா, அவவுக்கும் லேசில்லை. சாமி தன்ரை மாலையை அவவின்ரை வீட்டிலை விட்டிட்டுப் போக, ஊர்ச்சனம் அவவைக் கள்ளி எண்டு பிடிச்சதாம்" என்றாள். அந்த ஊரில் இருந்திருந்தால் முதல் ஆளாக நானே சாட்சி சொல்லியிருப்பேன். அதை மட்டும் வெளியில் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மூவருக்கும் இடம் கிடைத்தது, மாமி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விபரங்கள். ஞாயிற்றுக்கிழமை சனம் அதிகம், ஆனால் அன்றைக்குத்தான் கோயில் களைகட்டும். ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள், பிறகு மணல் காலைச் சுடும். வந்த ஓட்டோவையே திரும்பவும் வரச் சொல்லி வையுங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றவேண்டும். முழங்கால் நோ உள்ளவர்களுக்கு மணலில் நடக்கக் கை கொடுக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கை யாருடையது என்று எழுதத் தேவையில்லை.

அன்று பின்னேரம் குசினியில் புட்டுக்குக் குழைத்த மாவைத் தகரப் பேணியின் விளிம்பால் கொத்திக்கொண்டிருந்தேன். மாமி சுவரைப் பிடித்தபடி வந்து, பலகையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"தா, நான் கொத்துறன். விடியத்தொடக்கம் நிக்கிறாய், களைச்சுப் போனாய்."

பேணியைக் கொடுத்தேன். கண்ணில் ஏதோ விழுந்தது என்று சொல்ல அடுப்புப் புகைகூட இல்லை, காஸ் அடுப்பு.

"நானும் வாறன் மாமி" என்று மேதா வந்தாள்.

"நீ போய் இரு பிள்ளை. இது எனக்கும் வசந்திக்கும் உள்ள வேலை." மாமி என் பெயரைத் தன்னோடு சேர்த்துச் சொன்னார்.

மேதா போகவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருடம் என் முகத்தில் இருந்தது.

கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டேன். பிறகு பாதித் தேங்காயை எடுத்து, அதைத் துருவுகிற திருவலையை அவள் பக்கமாகத் தள்ளினேன்.