பாப்பா ஏறுவாளா?

"சோலோன்! சோலோன்! ஏறு ஏறு, காலை உள்ள இழு!" என்று பாதி அந்த ஊர் அன்னமிய மொழியிலும் பாதி தமிழிலும் சைகோன் தெருவே அதிரக் கத்திக்கொண்டு, சோலோன் பேட்டைக்கு ஓடும் டிராமின் படியில் ஒற்றைக் காலில் தொங்குகிறார் ஜூல். புதுச்சேரிக்காரர். டிராமில் டிக்கெட் கொடுக்கும் உத்தியோகம். வெள்ளைக்காரர் ஏறினால் "மெசியே", சீனத்துக் கிழவி ஏறினால் "மதாம்", செட்டியார் கிட்டங்கியில் வேலை முடிந்து நான் ஏறினால் "வாங்கண்ணா, குந்துங்க!" இவர் குரலுக்குப் பயந்துதான் அந்த வண்டி ஓடுகிறது என்பது என் கட்சி.

மனிதருக்கு ஒரே மகள், மார்கரித். பதினாலு வயது, பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறாள். போன வருஷம் வரை பள்ளி விட்டதும் அப்பாவின் டிராமில்தான் தொத்துவாள். பாடம், வாத்தியாரம்மாவின் மூக்கு, தோழிகள் சண்டை எல்லாவற்றையும் சோலோன் வரை ஒப்பிப்பாள். ஜூல் டிக்கெட் கிழிப்பதையே மறந்து கேட்பார். எங்களில் பாதிப் பேருக்கு ஓசிப் பயணம்.

கெடுத்தது ஒரே ஒரு சொல். பிறந்ததிலிருந்து அவளுக்கு வீட்டில் பெயர் 'பாப்பா'. ஒரு நாள் அவள் தோழிகளோடு ஏற, இவர் மறுகோடியிலிருந்து, "ஏ பாப்பா! ஜன்னலாண்ட எடம் கீது, வந்து குந்து பாப்பா!" என்று முழங்கினார். பிரெஞ்சில் பாப்பா என்றால் அப்பா! மீசை வைத்த ஆசாமி ஒரு பெண்ணைப் பார்த்து 'அப்பா, அப்பா' என்று கூப்பிட்டால் அந்தக் குட்டிகள் சும்மா இருப்பார்களா? விழுந்து விழுந்து சிரித்தார்கள். மார்கரித் தலை நிமிரவில்லை. மறுநாளிலிருந்து அவளுக்கு அடுத்த டிராம்.

"வூட்லயும் பேச்சு கொறஞ்சுபோச்சுண்ணா. கேட்டா 'ஒண்ணுமில்லப்பா'ன்றா. வயசு அப்படியாம், எங்க வூட்டுக்காரி சொல்றா. வயசாவது மண்ணாவது! என் பொண்ணு என்கிட்ட பேசணுமா வேணாமா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்குவார். பாவம், அரை ஆளாகிவிட்டார். பள்ளி நிறுத்தம் வந்தால் வண்டியே கழுத்தை நீட்டும், ஏறுவாளா என்று. அவளோ மரத்தடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்கே கோபம் கோபமாக வரும்.

நேற்று ஏறிவிட்டாளய்யா! மழை கிழை ஒன்றுமில்லை, தானாகவே, தோழிப் பட்டாளத்தோடு. இந்த மனிதர் மறுபடி வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிடப் போகிறாரே! ஜூல் வாயைத் திறந்தார். மூடினார். கூட்டத்துக்குள் நெளிந்து போய் அவள் பக்கத்தில் நின்று, கவர்னர் வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி, "டிக்கெட், மத்மோசெல்" என்றார். அவ்வளவு மெல்லிய குரல் அவரிடம் இருப்பதே எங்களுக்கு நேற்றுதான் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. தோழிகளோடு பேச்சு அதுபாட்டுக்கு ஓடியது.

வளைவில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பிடித்துக்கொள்ளக் கம்பி பக்கத்திலேயே இருந்தது. மார்கரித் அப்பாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நேரான பிறகும், பேச்சை நிறுத்தாமலே, பிடித்துக்கொண்டிருந்தாள்.